மேலாளருக்கு மூன்று முகவரி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனாரின் மனமார்ந்த ஆசிகள். இங்கே நானும் உங்கள் அத்தையும் அவளுடைய முழங்கால் வலியும் வழக்கம்போல் இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் குழந்தையும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்கு இரண்டாவது பல் எட்டிப் பார்ப்பதாக மகள் சொன்னாள். தேதியை எங்கேயாவது குறித்துவைக்கச் சொல்லவும். முதல் பல்லுக்கே "செவ்வாயா புதனான்னு ஞாபகம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டாள். என் பெண்தானா இவள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டில் போனை எடுத்தால் உங்கள் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். ஆபீஸ் போன் மேலாளரின் மேஜையில் இருக்கிறது. ஈமெயில் அனுப்பலாம் என்றால் அது ஆபீஸ் பின்னறையில் நீங்கள் வைத்துவிட்டுப் போன அந்தப் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்பதால் அதன் கையிலேயே கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. ஆகவே மதிய இடைவேளையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, என் மெஷினில் தட்டி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்க்கிறேன். காகிதத்தில் ஒரு வசதி, அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் படிக்க முடியும்.

விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஒரு காரியம் நடக்காவிட்டால் எங்கள் ஆபீஸில் ஒரு பெண்ணின் வேலை போய்விடும். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு யாருடையது என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவோடு நிற்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

எங்கள் ஆபீஸைப் பற்றி ஒருமுறை விளக்கமாகச் சொன்னேன். அப்போது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், தலையை ஆட்டியது எனக்கா சாப்பாட்டுக்கா என்று தெரியவில்லை, அதனால் திரும்பவும் சொல்கிறேன். கட்டடங்களில் இருக்கும் லிஃப்டைச் சோதித்து, ஏறலாம் அல்லது ஏறக்கூடாது என்று சான்று கொடுப்பதுதான் எங்கள் வேலை. சோதிப்பதற்கு ஒரு பொறியாளர் இருக்கிறார். ஊரில் உள்ள அத்தனை லிஃப்டையும் தட்டிப் பார்ப்பவர், தான் மட்டும் எந்தக் கட்டடத்திலும் படியேறித்தான் போவார். அவருக்கு ஆபீஸில் படிக்கட்டு என்றே பெயர். "ஏன் சார், நீங்களே சான்று கொடுத்த லிஃப்டுதானே" என்று கேட்டால், "எனக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களும் நடந்துதான் வருவீங்க" என்பார். அவர் கிறுக்கிக்கொண்டு வரும் அறிக்கையை டைப் செய்பவள்தான் நான் சொன்ன பெண். நம் மகள் வயதுதான் இருக்கும். சுருக்கெழுத்துக்காரியாக வேலைக்கு வந்தாள், பேச்சும் சுருக்கம், அதனால் எல்லோருக்கும் அவள் சுருக்கெழுத்து. டைப் செய்ததை அவள் தன் மெஷினிலிருந்து மேலாளரின் மெஷினுக்கு அனுப்புவாள், மேலாளர் படித்துக் கையெழுத்துப் போடுவார், ஒரு நகல் என் பதிவறைக்கு வரும். எனக்கும் பேரேடு என்று ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து எட்டு மெஷினையும் இரண்டு பிரிண்டரையும் ஒன்றோடொன்று இணைத்துக் கொடுத்தீர்கள். அன்று நீங்கள் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "மாமா, காலையில மெஷினைப் போட்டதும் ஒவ்வொண்ணும் இந்தப் பெட்டிகிட்ட வந்து, என் பேரு இது, இன்னைக்கு என் முகவரி இந்த நம்பருன்னு பதிஞ்சுக்கும். யாராவது யாருக்காவது எதையாவது அனுப்பணும்னா பெட்டிகிட்ட பேரைச் சொன்னாப் போதும், அது நம்பரைச் சொல்லும். நம்பர் மாறினா அதுவே மாத்தி எழுதிக்கும், பழசை அதுவே அழிச்சுக்கும். நீங்க எதையும் தொட வேண்டாம்." இதைச் சொல்லிவிட்டு நீங்கள் கை கழுவப் போய்விட்டீர்கள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தொட வேண்டாம் என்றது காதில் விழுந்தது. அதுவே அழித்துக்கொள்ளும் என்றதுதான் நெஞ்சில் விழுந்தது. முப்பத்தொரு வருடம் பதிவறையில் இருக்கிறேன். என் பேரேடுகளில் ஒரு எழுத்து அழிக்கப்பட்டதில்லை. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு, எழுத்து தெரிகிற மாதிரி, பக்கத்தில் சுருக்கொப்பம், கீழே புதுப் பதிவு, "கீழே காண்க" என்று ஒரு குறிப்பு. வெள்ளை மை புட்டியை என் அறைக்குள் கொண்டுவந்த ஒருவரை நான் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனிடம் வந்து, ஒரு பதிவேடு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்று சொந்த மாப்பிள்ளையே சொன்னால் நான் என்ன செய்வேன் சொல்லுங்கள்.

என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போய்ப் பின்னறையைத் திறந்து, பெட்டியின் திரையில் "பழைய பதிவுகளைத் தானாக நீக்கு" என்று இருந்த கட்டத்தில் நீங்கள் போட்டிருந்த டிக்கை எடுத்துவிட்டேன். பிறகு எட்டு மெஷின், இரண்டு பிரிண்டர், ஆகப் பத்துப் பெயர்களையும் அவற்றின் நம்பர்களையும் நானே ஒவ்வொன்றாகத் தட்டி, "நிரந்தரம்" என்று குறித்துச் சேமித்தேன். அதையே சிவப்பு அட்டைப் பேரேடு ஒன்றில் நகல் எடுத்துக்கொண்டேன். அந்தப் பேரேட்டின் அடியில்தான் பின்னறைச் சாவியை வைத்திருக்கிறேன், என் மேஜையின் இரண்டாவது டிராயரில். நீங்கள் வரும்போது தேடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளைக்கே தோன்றாதது நமக்குத் தோன்றியதே என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தேன். மன்னிக்கவும்.

மூன்று வாரத்துக்கு முன் மேலாளரின் அறையில் ஏசி ஒழுக ஆரம்பித்தது. ஒழுகினால் ஒரு ஓரமாக ஒழுகியிருக்கலாம். சரியாக அவர் நாற்காலிக்கு மேலே, அவர் தலையில் முடி இல்லாத இடமாகப் பார்த்துச் சொட்டியது. அந்த இடம் பெரியது என்பதால் தப்ப வழியில்லை. இரண்டு நாள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் எல்லோரையும் இடம் மாற்றச் சொல்லிவிட்டார். மெஷின்களைத் தூக்கி, கம்பிகளைப் பிடுங்கி, பிரிண்டர்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக நகர்த்தி மாட்டி, எல்லாவற்றையும் திரும்பப் போட்டபோது நம்பர் கொடுப்பதற்கென்று நீங்கள் தனியாக மாட்டியிருந்த சின்னப் பெட்டி புத்தம்புது நம்பர்களை வாரி வழங்கிவிட்டது. ஒவ்வொரு மெஷினும் ஒழுங்காகப் பெரிய பெட்டியிடம் போய், "என் நம்பர் மாறிடுச்சு, எழுதிக்கோ" என்று கேட்டிருக்கிறது. பெரிய பெட்டி என் பதிவுகளைப் பார்த்து, "இங்க ஏற்கெனவே நிரந்தரம்னு எழுதியிருக்கு, போ" என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. அது கடமையைத்தான் செய்தது, என்னிடம் வேலை பார்த்திருந்தால் நானே அதைப் பாராட்டியிருப்பேன். அன்றுமுதல் மேலாளர் என்ற பெயருக்குப் பெட்டி சொன்ன நம்பர் பதினொன்று. அது இப்போது மேலாளருடையது இல்லை. தேநீர் மூலையில் ஒரு பழைய மெஷின் இருக்கிறது, யாரும் அதில் வேலை செய்வதில்லை, அதன் மேல் கப்பைக் கவிழ்த்து வைப்போம், பதினொன்று அதற்குப் போயிருந்தது.

இது யாருக்கும் தெரியாது. சுருக்கெழுத்து அறிக்கைகளை அனுப்பினாள், அனுப்பியாயிற்று என்று அவள் திரை சொன்னது. மேலாளருக்கு ஒன்றும் வரவில்லை. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் சங்கச் செயலாளர் தினமும் வந்து நிற்க ஆரம்பித்தார். அவர் வீடு ஆறாவது மாடியில். சான்று வருகிற வரை லிஃப்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள். "சார், நேத்து பாலை மறந்துட்டேன், எட்டு தடவை ஏறி இறங்கினேன்" என்று மூச்சு வாங்கினார். ஒரு பாலுக்கு எட்டு தடவை எப்படி என்று நான் கணக்குப் பார்ப்பதற்குள் படிக்கட்டு குறுக்கே புகுந்து, உடம்புக்கு ரொம்ப நல்லது என்று சொல்லிவைத்தார். செயலாளர் நேரே மேலாளரின் அறைக்குள் போய்ச் சத்தம் போட்டார். மேலாளர் வெளியே வந்து சுருக்கெழுத்தைக் கூப்பிட்டார்.

"அறிக்கை எங்கம்மா?"

"அனுப்பிட்டேன் சார்."

"எனக்கு வரலையே."

"அனுப்பினேன். வரல. ரெண்டும் உண்மை."

இப்படிப் பேசினால் எந்த மேலாளருக்குத்தான் கோபம் வராது. அந்தப் பெண் இரண்டு வருடமாகத் தற்காலிகம். அவளை நிரந்தரம் ஆக்கும் கோப்பு அப்போது மேலாளரின் மேஜையில்தான் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து அடியில் வைத்துவிட்டு, டெக்னீஷியனுக்குப் போன் செய்தார்.

டெக்னீஷியன் வந்தார். இடுப்பில் பத்துச் சாவி, காதில் பேனா, வாயில் ஏதோ மெல்லுகிற பொருள். சுருக்கெழுத்தின் மெஷினில் உட்கார்ந்து, மேலாளர் என்ற பெயரைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். உடனே பதில் வந்தது. "பாருங்க, உங்க மெஷின் பதில் சொல்லுது. அனுப்பினா கண்டிப்பாப் போகும்" என்று மேலாளரிடம் காட்டினார். பதில் சொன்னது கப்புக்கு அடியில் இருந்த மெஷின். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், யாரோ ஒருவர் "ம்" என்றார், சரி என்று போய்விட்டார். யார் அது என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டாமா? அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், "இந்த மெஷின்ல வைரஸ் இருக்கும்போல" என்று சொல்லி, ஒரு கம்பியை மாற்றி, எல்லா மெஷினையும் ஒருமுறை அணைத்துப் போட்டார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "பின்னறைல இருக்கிற சர்வரை யாரு சார் பார்த்துக்கிறா?" என்று கேட்டார். மாப்பிள்ளை, அந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். "அது பூட்டியிருக்கு. தானா ஓடுது" என்றேன். முப்பத்தொரு வருடத்தில் ஆபீஸில் நான் சொன்ன முதல் பொய். சொல்லும்போது சாவி டிராயரில் இருந்தது, என் முழங்கை டிராயர் மேல் இருந்தது.

அவர் போன பிறகு எனக்குச் சந்தேகம் வந்து, சிவப்புப் பேரேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போய் நம்பரைச் சரிபார்த்தேன். பதினொன்றைத் தேடித் தேநீர் மூலைக்குப் போனேன். கப்பை எடுத்து வைத்துவிட்டுத் திறந்து பார்த்தால் பதினான்கு அறிக்கைகள், தேதி வாரியாக, எழுத்துப் பிழை இல்லாமல், வரிசையாகக் காத்திருக்கின்றன. அந்த நிமிடமே மேலாளரிடம் போயிருக்கலாம். இருபது அடிதான். ஆனால் இன்னும் ஏழு மாதத்தில் எனக்கு ஓய்வு. வழியனுப்பு விழாவில் வாசிப்பதற்கு மேலாளர் எழுதிவைத்திருக்கும் பக்கத்தை நான் பார்த்துவிட்டேன், நகல் என்னிடம் வந்ததால் பார்க்க வேண்டியதாயிற்று. "இவருடைய பதிவேட்டில் இதுவரை ஒரு பிழையும் கண்டதில்லை" என்று மூன்றாவது வரியில் இருக்கிறது. உங்கள் அத்தைக்குக்கூட அதைப் படித்துக் காட்டிவிட்டேன். அந்த இருபது அடியை நடக்க முடியவில்லை. கப்பை எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் மனசாட்சி இருக்கிறதே. மறுநாள் பின்னறைக்குப் போய், முறைப்படி திருத்தினேன். முறை என்றால் நம் முறை. பழைய பதிவை அழிக்காமல், அதன் கீழே மேலாளர் என்ற பெயரிலேயே இரண்டாவது பதிவாகப் புது நம்பர் பதினான்கை எழுதினேன். மனிதனாக இருந்தால் கடைசியாக எழுதியதைத்தான் எடுத்துக்கொள்வான். இந்தப் பெட்டி ரொம்ப நியாயம் பார்க்கிறது. ஒரு பெயருக்கு இரண்டு முகவரி இருந்தால் ஒரு தடவை இதைச் சொல்கிறது, அடுத்த தடவை அதைச் சொல்கிறது, பாரபட்சமே இல்லை. சுருக்கெழுத்து அனுப்புவதில் பாதி மேலாளருக்குப் போனது, பாதி கப்புக்கு அடியில் போனது. முன்பு ஒன்றுமே வரவில்லை என்பதால் மெஷின் மேல் பழி போடவாவது வழி இருந்தது. இப்போது மேலாளர், "அப்போ உங்களுக்குத் தோணினா அனுப்புவீங்க, தோணலைன்னா விட்டுடுவீங்க, அப்படித்தானே?" என்று கேட்டார். நான் நகல்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தலைகீழாகக் குத்திவிட்டேன், அதையும் அழிக்கவில்லை.

போன வாரம் மின்சாரம் போய் வந்தது. திரும்பச் சில நம்பர்கள் மாறின. மேலாளருக்குப் பத்தொன்பது வந்தது. மூன்றாவது பதிவாக அதையும் எழுதினேன். அவர் விட்ட பதினான்கு யாருக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. வரவேற்பறையில் பெரிய திரை ஒன்று மாட்டியிருக்கிறோம் அல்லவா, அதற்குப் பின்னால் இருக்கும் மெஷினுக்குப் போயிருந்தது. அந்த மெஷினுக்கு ஒரே வேலை, அதற்குள் எது வந்து விழுந்தாலும் திரையில் ஓட்டிக் காட்டுவது. படிக்கட்டு அன்று மேலாளருக்கு அந்தரங்கமாக ஒரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார். லிஃப்டுக்குள் போனால் தலை சுற்றுவதாகவும், பதினோரு வருடமாக இதை மறைத்து வேலை பார்ப்பதாகவும், தனக்கு மேஜை வேலை தரும்படியும். "வருக வருக" என்ற படத்துக்கும் "புகை பிடிக்காதீர்" என்ற படத்துக்கும் நடுவில் அது நாற்பது நிமிடம் ஓடியது. ஆறு மாடிச் செயலாளர் சோபாவில் உட்கார்ந்து மூன்று சுற்று படித்தார். படித்துவிட்டுப் படிக்கட்டிடம் போய்க் கையைப் பிடித்து, "உடம்புக்கு ரொம்ப நல்லது சார்" என்றார். பாவம், அந்த மனிதர் நான்கு நாளாக யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இதற்கும் பழி அந்தப் பெண் தலையில்தான் விடிந்தது. ஃபைல்களைக் கையாளுவது அவள்தானே என்று மேலாளர் மெமோ கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த நிரந்தரக் கோப்பை மூடிவிட்டு வேறு ஆளைப் பார்ப்பார்களாம். மெமோவின் நகலைப் பதிவேட்டில் ஏற்றியது நான்தான். வரிசை எண் போட்டு, தேதி போட்டு, ஒரு பிழை இல்லாமல் ஏற்றினேன். தப்பு என்னுடையது என்பதைப் பதிவேட்டில் எங்கே எழுதுவது?

இதில் என்னை இன்னும் கொல்வது என்னவென்றால் அவள் என்னிடம் நடந்துகொள்ளும் விதம்தான். இடம் மாற்றியதிலிருந்து என் பிரிண்டர் காரிடாரில் கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் சோம்பேறியாகிவிட்டது, நாலைந்து தடவை அழுத்தினாலும் காகிதத்தைக் கண்ணில் காட்டுவதில்லை. நான் எழுந்து காரிடாருக்குப் போய் நின்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் காகிதங்கள் என் மேஜையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். "உங்களோடது சார்" என்பாள், அவ்வளவுதான். எப்போது போய் எடுக்கிறாளோ தெரியவில்லை. உங்கள் அத்தை சொன்ன மளிகைச் சாமான் பட்டியலைக்கூட அப்படித்தான் கொண்டுவந்து வைத்தாள். மெமோ வாங்கிய அன்றும் கொண்டுவந்து வைத்தாள். தலையில் பழியைச் சுமந்துகொண்டு எனக்குக் காகிதம் சுமக்கிறாள். அவளுக்கு நான் செய்ததை நினைத்துப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறேன். உங்கள் அத்தை வாயுத் தொல்லை என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுக்கிறாள், அதையும் குடிக்கிறேன்.

நானே அழித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். முயன்றேன். சனிக்கிழமை பின்னறைக்குப் போய், பதினொன்றாம் நம்பர்ப் பதிவைத் தேர்ந்தெடுத்து, நீக்கு என்பதை அழுத்தியும்விட்டேன். "நிச்சயமாக நீக்க வேண்டுமா?" என்று கேட்டது. நிச்சயமாகவா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? வாழ்க்கையில் எதைப் பற்றியும் நான் அவ்வளவு நிச்சயமாக இருந்ததில்லை. கால் மணி நேரம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு வந்தேன்.

ஆகவே நீங்கள்தான் கைகொடுக்க வேண்டும். இன்று திங்கள். கடிதம் புதன்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமை விடுப்புப் போட்டுக் காலை ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் ஆபீஸுக்கு வந்துவிடலாம். சும்மா மாமனாரைப் பார்க்க வந்ததாகவும், வந்த இடத்தில் பெட்டியைத் துடைத்துவைக்கலாம் என்று நினைத்ததாகவும் மேலாளரிடம் சொல்லுங்கள். அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர், "ஆமா ஆமா, அதுதான்" என்று தலையாட்டுவார். பின்னறைக்குப் போய் என் பதிவுகளை நீக்கி, அந்த டிக்கைத் திரும்பப் போட்டு, கப்புக்கு அடியில் இருப்பவற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஏசித் தண்ணீர் இறங்கியதால் கம்பியில் ஈரம், அதனால் பெயர்கள் குழம்பிவிட்டன, யார் மேலும் தப்பில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணும் பிழைப்பாள், என் மூன்றாவது வரியும் பிழைக்கும். நீங்கள் நீக்கும்போது நான் காரிடாரில் நிற்கிறேன், என்னால் பார்க்க முடியாது.

மகளிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவளிடம் சொன்னால் அவள் அம்மாவிடம் சொல்வாள், அவள் அம்மாவிடம் சொன்னால் தெருவுக்கே நகல் போய்விடும். குழந்தைக்குத் தாத்தாவின் முத்தங்கள். நீங்கள் மூவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும். உங்கள் வீட்டுப் பேரேட்டில் நல்ல செய்திகள் மட்டுமே ஏற வேண்டும் என்று வாழ்த்தும்,

அன்புள்ள மாமனார்

பி.கு. படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடவும். யாரிடமும் நான் இப்படிச் சொன்னதில்லை. கிழிப்பதற்கு முன் வந்த தேதியை மட்டும் எங்கேயாவது குறித்துக்கொள்ளவும்.

பி.கு. 2. ஐயா, மேலே இருப்பதைத் தட்டியவர் உங்கள் மாமனார். இதைக் கையால் எழுதுவது சுருக்கெழுத்து.

இந்தக் கடிதம் இன்று மதியம் என் மேஜைப் பக்கத்துப் பிரிண்டரில் வந்தது. அவர் வழக்கம்போல அழுத்திக்கொண்டே இருந்ததால் ஐந்து பிரதிகள். மூன்று வாரமாக அவர் காகிதம் எல்லாம் இங்கேதான் வருகிறது. அவர் பிரிண்டரின் பழைய நம்பர் இப்போது இதனிடம். காரிடாருக்கு நான் போனதே இல்லை. டெக்னீஷியனிடம் இதைத்தான் சொல்ல வந்தேன். வைரஸ் என்றார்.

அவருடைய காகிதங்களை நான் படிப்பதில்லை. இதில் என் பெயர் கண்ணில் பட்டது. ஒரு பிரதியைப் படித்தேன். ஒன்றை மேலாளரிடம் கொடுத்தேன். தன் தலையைப் பற்றிய இடத்தை இரண்டு முறை படித்தார். மண் பற்றிய இடத்தை மூன்று முறை. ஒன்றைப் படிக்கட்டு சாரிடம் கொடுத்தேன். அவர் நான்கு நாளில் முதல்முறையாகச் சிரித்தார். அவருக்கு மேஜை வேலை கிடைத்துவிட்டது.

சாவி அவர் சொன்ன இடத்தில் இருந்தது. அவர் காரிடாரில் பிரிண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேலாளரும் நானும் பின்னறையைத் திறந்தோம். அவர் கடிதத்திலேயே எல்லாம் வரிசையாக இருந்ததால் கஷ்டம் இல்லை. நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று பன்னிரண்டு முறை கேட்டது. பன்னிரண்டு முறையும் ஆம் என்றேன். டிக்கைப் போட்டேன். எல்லாவற்றையும் பதியவிட்டோம். அவர் மேஜைக்குப் போய் மறுபடி அழுத்தினார், ஆறாவது பிரதி காரிடாரில் அவர் கையில் போய் விழுந்தது. சரியாகிவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அவர் அந்தப் பிரிண்டரைத் தட்டிக்கொடுத்தார்.

மேலாளர் மெமோவைக் கிழித்தார். என் கோப்பில் கையெழுத்துப் போட்டார். ஆறு மாடிக்கும் சான்று போய்விட்டது. எதற்கும் நகல் இன்னும் பதிவறைக்கு அனுப்பவில்லை.

சற்றுமுன் அவர் தன் பிரதியில் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, ஒட்டுவதற்குப் பசை கேட்டு என் மேஜைக்கு வந்தார். கொடுத்தேன். உங்கள் முகவரியை அந்த உறையைப் பார்த்துத்தான் எழுதினேன். அவர் கையால் எழுதியது, சரியாகத்தான் இருக்கும். இரண்டு கடிதமும் உங்களுக்கு ஒன்றாக வரும். அதில் இந்தப் பின்குறிப்பு இருக்காது.

வெள்ளிக்கிழமை நாலு மணி வரை அவரிடம் நாங்கள் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்த இருபது அடியை அவராக நடப்பாரா என்று பார்க்கிறோம். நடக்கமாட்டார் என்கிறார் மேலாளர். படிக்கட்டு சாரும் அப்படித்தான் சொல்கிறார். நடப்பார் என்று நான் சொல்லியிருக்கிறேன். நடந்தால் அந்த மூன்றாவது வரியை எடுக்க வேண்டாம் என்று மேலாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆகவே தயவுசெய்து வியாழக்கிழமை வராதீர்கள்.